மூலைக் கட்டத்தில் இருந்த போன்

(முகாம் விசாரணைக் குழு முன்னிலையில், உள்வாயில் போன் கவுன்ட்டர் ஊழியர் சொல்லச் சொல்ல எழுத்தரால் எழுதப்பட்டது.)

என்னை முகாமில் எல்லோரும் டோக்கனக்கா என்று அழைக்கிறார்கள். என் சொந்தப் பெயரையும் கதவு எண்ணையும் எழுத்தர் தனித்தாளில் குறித்துக்கொண்டார். எனக்கு வயது நாற்பத்தேழு. முகாமுக்கு வெளியே ஊழியர் குடியிருப்பில், மாடி வீட்டில், கல்லூரியில் படிக்கும் என் மகளுடன் குடியிருக்கிறேன். என் கணவர் இதே முகாமில் டிரைவராக இருந்து நோயில் காலமானார். அவருக்குப் பின் எனக்கு இந்த வேலை கொடுக்கப்பட்டது. நான் ராணுவத்தைச் சேர்ந்தவள் அல்ல. இறந்துபோனவர் எனக்கு உறவும் அல்ல.

பணிமனைப் பகுதிக்குப் போகும் உள்வாயிலில், ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, உள்ளே போகிறவர்களின் போனை வாங்கி வைப்பது என் வேலை. உள்ளே போன் கொண்டுபோக யாருக்கும் அனுமதி இல்லை. என் முதுகுக்குப் பின்னால் சுவர் முழுவதும் கட்டம் கட்டமாகத் தடுத்த மர அலமாரி இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண், அந்த எண் அடித்த பித்தளை டோக்கன் ஒன்று. ஆள் போனை அணைத்து, அணைந்த திரையை எனக்குக் காட்டிவிட்டுத் தருவார், நான் டோக்கனைத் தருவேன். வேலை முடிந்து போகும்போது டோக்கன் வரும், போன் போகும். டோக்கன் இல்லாமல் பெற்ற தகப்பனே வந்து நின்றாலும் கொடுக்க மாட்டேன் என்று பெயர் வாங்கியவள் நான். எனக்கு வாயும் கொஞ்சம் நீளம். அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

இறந்தவர் வாகனப் பணிமனையில் மெக்கானிக். கூட இருந்தவர்கள் அவரை ஸ்பானர் என்று கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். மழைக்காலம் தொடங்கிய சமயத்தில் வேறு முகாமிலிருந்து மாற்றலாகி வந்தார். முதல் நாள் காலையில் போனை ஜன்னலில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் வரிசை முணுமுணுத்தது. “என்ன தம்பி, போனா, பெத்த பிள்ளையா? குடுத்துட்டுப் போங்க, அழுதா நான் தூக்கி வச்சுக்கிறேன்” என்றேன். வரிசை சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு அணைத்துக் கொடுத்தார்.

அதன் பிறகு தினமும் மதிய இடைவேளையில், மற்றவர்கள் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும்போது, அவர் மட்டும் என் ஜன்னலுக்கு வந்து டோக்கனைக் கொடுத்துப் போனை வாங்கி, வாயிலுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்று பார்த்து, காதில் வைத்துக் கேட்டு, மறுபடி அணைத்து என்னிடம் கொடுத்துவிட்டு, பாதி சாப்பாட்டுக்கு ஓடுவார். நான் பெண் விவகாரம் என்று நினைத்தேன். கல்யாணம் எப்போது என்று கேட்டேன். அவருடன் வந்த வெல்டர், “அதெல்லாம் இல்லக்கா, இவனுக்கு மாமியார் கூப்பிடுது” என்று சொல்லிச் சிரித்தார். கல்யாணமே ஆகாதவனுக்கு ஏது மாமியார் என்று கேட்டேன். வெல்டர் போன பிறகு ஸ்பானரே விளக்கம் சொன்னார்.

அவர் சொன்னதாவது: மனம் ஒடிந்த வீரர்களுக்காக மருத்துவப் பிரிவு போனில் ஒரு செயலி போட்டுக் கொடுத்திருக்கிறது. அதன் மறுபக்கத்தில் ஓர் ஆலோசகர் அம்மா இருக்கிறார். தினமும் மதியம் அது கேள்வி கேட்கும், இவர் பதில் சொல்ல வேண்டும். பதிலைப் பார்த்து, தேவைப்பட்டால் அந்த அம்மா கூப்பிடுவார். சாப்பிட்டாயா, தூங்கினாயா, முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று ஓயாமல் கேட்பதால் பணிமனை ஆட்கள் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். இதைச் சொல்லும்வரை அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. அதன் பிறகு, “ஆனா எனக்கு அது வேணும்க்கா. நானே என்னை ஏதாவது பண்ணிக்காம இருக்கத்தான் அது” என்றார். தலைவலி மாத்திரையைப் பற்றிச் சொல்வது போலத்தான் சொன்னார். “போய் முதல்ல சாப்பிடு” என்றேன். அன்றிலிருந்து அவரை நீ, வா, போ என்றுதான் பேசினேன்.

காரணம் என்னவென்று குழு கேட்டது. பின்னொரு நாள் அவராகச் சொன்னது மட்டும் எனக்குத் தெரியும். முந்தைய முகாமில் அவர் பழுது பார்த்து, சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிய வண்டி ஒன்று மலைப்பாதையில் உருண்டுவிட்டது. அதில் அவருடைய கூட்டாளிகள் இருந்தார்கள். வண்டியில் குறை எதுவும் இல்லை, பாதைதான் சரிந்தது என்று விசாரணையில் முடிவாகியும், தூங்கப் போனால் அந்த பிரேக்கைத்தான் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

அதன் பிறகு ஒரு நாள், போனை அணைக்காமல் வைக்க முடியுமா என்று கேட்டார். அணைத்துத் திறப்பதற்குள் இடைவேளை தீர்ந்துவிடுகிறது என்றும், ஆலோசகர் அம்மா கூப்பிட்டாலும் தெரிவதில்லை என்றும் சொன்னார். முடியாது, ஒருவருக்கென்று தனிச் சட்டம் கிடையாது என்றேன். மறுநாள் அப்போதிருந்த மருத்துவ அதிகாரி அவரை அழைத்துக்கொண்டு ஜன்னலுக்கே வந்து, “இவன் போன மட்டும் அணைக்க வேண்டாம்மா. சத்தத்தை மட்டும் நிறுத்தி வைங்க. மத்ததை நான் பேசிக்கிறேன்” என்றார். எழுத்தில் எதுவும் தரவில்லை, நானும் கேட்கவில்லை. பெரியவர் வாயால் சொன்னால் போதும் என்றுதான் இங்கே பாதி வேலை நடக்கிறது. அலமாரியின் கீழ் மூலையில், என் கைக்கு எட்டும் கட்டத்தை ஸ்பானருக்கு ஒதுக்கினேன். மதியம் திரை வெளிச்சம் போட்டால் எனக்குத் தெரியும். அவர் வரத் தாமதமானால், பணிமனைக்குப் போகிற யாரிடமாவது, “உள்ள ஸ்பானர் இருந்தா மாமியார் வந்திருக்குன்னு சொல்லு” என்று சொல்லி அனுப்புவேன். ஓடி வருவார்.

அந்தச் செயலியில் ஒரு பெட்டி இருப்பதாக அவர் ஒரு நாள் காட்டினார். மனம் மிகவும் கெட்டுப்போகும் சமயத்தில் திறந்து கேட்பதற்கென்று, தனக்குப் பிடித்த குரல்களை அதில் சேர்த்து வைக்க வேண்டுமாம். அதில் ஒன்றை எனக்குப் போட்டுக் காட்டினார். பாட்டு என்று நினைத்துக் காதைக் கொடுத்தேன். ஒரு வண்டி இரண்டு மூன்று தடவை இருமி, நின்று, பிறகு பிடித்துக்கொண்டு ஓடும் சத்தம் வந்தது. “ஒரு வாரமா ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கா. அது பிடிச்ச நேரம்” என்றார். நான், உனக்குப் பெண் கொடுக்கிறவன் பாவம் என்றேன். அன்று அவர் சிரித்த சிரிப்பை நான் வேறு எந்த நாளும் பார்க்கவில்லை.

இன்னொரு நாள் மழையில் நனைந்து, இடைவேளை முடியும் நேரத்தில், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். நான் அவரைத் திட்டிக்கொண்டிருந்தபோது போனை என் பக்கமாகத் தூக்கிப் பிடித்தார். படம் எடுக்கிறாயா என்று கேட்டேன். “இல்லக்கா, மணி பாத்தேன்” என்றார். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதன் பிறகு அந்த மருத்துவ அதிகாரி மாற்றலாகிப் போனார். அதன் பிறகு மேலிடத்து ஆய்வு வருவதாக உத்தரவு வந்தது. ஆய்வு முடியும்வரை பணிமனை ஆட்கள் உள்ளேயே தங்க வேண்டும், எல்லாப் போனும் அணைக்கப்பட்டு, உறையில் போட்டு முத்திரை வைக்கப்பட வேண்டும், இடையில் யாருக்கும் எடுத்துத் தரக் கூடாது என்று கேட் பொறுப்பாளர் படித்துக் காட்டினார். நான் மூலைக் கட்டத்தைக் காட்டி மருத்துவ அதிகாரி சொன்னதைச் சொன்னேன். “அந்த டாக்டர் இப்ப இல்லையேம்மா. ஒருத்தன் கண்ணுல வெண்ணெய், இன்னொருத்தன் கண்ணுல சுண்ணாம்பா? நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பான். பையனுக்குக் கை நிறைய வேலை இருக்கு, அதைவிடப் பெரிய மருந்து எது?” என்றார். அவர் பார்க்க, என் கையால்தான் அந்தப் போனை அணைத்து, உறையில் போட்டு, முத்திரை வைத்தேன்.

கேட் பொறுப்பாளர் மீது குறை சொல்கிறேனா என்று குழு கேட்டது. இல்லை. அவர் கெட்டவர் அல்ல. என் கணவர் படுக்கையில் கிடந்தபோது தன் வண்டியில் வைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனவர். உத்தரவில் இருந்ததைச் செய்தார். நானும் அதைத்தான் செய்தேன்.

ஸ்பானரிடம் விஷயத்தைச் சொன்னபோது, “பரவால்லக்கா, ஆய்வு முடியுற வரைக்கும்தானே” என்றார்.

முத்திரை வைத்த முதல் நாள் மதியம், போன் கிடைக்காது என்று தெரிந்தும் வழக்கம்போல் ஜன்னலுக்கு வந்து நின்றார். “அங்கதானே இருக்கு?” என்று கேட்டார். உறையை எடுத்துக் காட்டினேன். தலையாட்டிவிட்டுப் போனார். மறுநாளும் வந்தார். தூங்கினாயா என்று நான் கேட்டேன். “மாமியார் வேலையை நீங்க எடுத்துக்கிட்டீங்களா?” என்றார். கொஞ்ச நேரம் நின்றார். நானும் வீட்டுக் கதை, மகள் கதை என்று வாய்க்கு வந்ததைப் பேசினேன். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன். பசி இல்லை என்றார்.

அதற்கு அடுத்த நாள் ஆய்வுக் குழுவினர் வந்தார்கள். அவர்களின் டிரைவர்கள், உதவியாளர்கள் என்று ஜன்னல் முன்னால் பெருங்கூட்டம். ஒவ்வொருவர் கையிலும் இரண்டு போன். நான் நிமிராமல் உறைகளில் எண் எழுதிக்கொண்டிருந்தேன். பக்கவாட்டிலிருந்து “அக்கா” என்று ஸ்பானரின் குரல் கேட்டது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. “இன்னைக்கு முடியாதுடா, கூட்டத்தைப் பாரு, போ” என்றேன். “சரிக்கா” என்றார். அவர் முகம் எப்படி இருந்தது என்று விசாரணைக் குழு கேட்டது. எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை.

அன்று மாலை ஆய்வுக் குழுவினர் டோக்கன்களைக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, பணிமனையிலிருந்து வெல்டர் தொப்பி இல்லாமல் ஓடி வந்து, ஆம்புலன்சுக்கு வாயிலைத் திறக்கச் சொன்னார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. வெல்டர் என் முகத்தைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்துவிட்டது. ஆம்புலன்ஸ் உள்ளே வேகமாகப் போனது, திரும்பும்போது மெதுவாகப் போனது. உள்ளே என்ன நடந்தது என்ற விவரம் எனக்குத் தெரியாது. இன்றுவரை யாரிடமும் கேட்கவில்லை.

அதன் பிறகு, மறுநாள் காலையில், ஓர் அம்மா வாயிலுக்கு வந்து என் ஜன்னல் எங்கே என்று விசாரித்தார். அவர்தான் ஆலோசகர் அம்மா. அதுவரை அவரை நான் பார்த்ததில்லை, என் மகளைவிடச் சில வயதுதான் கூட இருக்கும். பதில் வரவில்லை என்றால் கூப்பிட வேண்டும் அல்லவா, ஏன் கூப்பிடவில்லை என்று நான்தான் முதலில் கேட்டேன். எனக்குக் கோபம். அவர், “போன் அணைஞ்சிருந்தா ஆள் உள்பகுதியில டியூட்டில இருக்கார்னு அதுவா குறிச்சுக்கும்க்கா. இல்லைன்னா இந்த முகாம்ல தினமும் எல்லார் பேருலயும் அபாய மணி அடிக்கும்னு அப்படி வச்சிருக்காங்க. மூணு நாளும் அவர் பேருக்கு நேரா ‘பணியில் உள்ளார்’னுதான் வந்தது” என்றார். அதைச் சொல்லிவிட்டு ஜன்னல் கட்டையில் தலையை வைத்து அழுதார். நான் உள்ளேயிருந்து கையை நீட்டி அவர் தலையில் வைத்தேன். கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. போனை அணைத்தால் அவர்களுக்கு இப்படித் தெரியும் என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. நாங்கள் இப்படி முத்திரை வைப்போம் என்று அவர்களுக்கும் யாரும் சொன்னதில்லை. தும்பை விட்டு வாலைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் நின்றோம்.

அதன் பிறகு ஸ்பானரின் தாயாரும் அண்ணனும் வந்தார்கள். விசாரணைக் குழுவின் அதிகாரி முன்னிலையில், ஆலோசகர் அம்மாவையும் வைத்துக்கொண்டு, என் கையால் முத்திரையை உடைத்தேன். போனுக்கு உரிய டோக்கன் ஸ்பானரின் சட்டைப் பையில் இருந்ததாகச் சொல்லி, அதிகாரி அதை என்னிடம் கொடுத்தார். கிரீஸ் படிந்திருந்தது. நான் அதைத் துடைக்கவில்லை. போனை ஆன் செய்ததும் பூட்டிய திரையிலேயே செயலி வந்து, இன்று எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டது.

மகன் எதையோ கேட்டுக்கொண்டிருப்பானாமே, அதைத் தானும் கேட்க வேண்டும் என்று தாயார் சொன்னார். திறக்கும் எண் அண்ணனுக்குத் தெரிந்திருந்தது. ஆலோசகர் அம்மா பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் போட்டார். முதலில் தாயாரின் குரல், ஈரத் தலையோடு படுக்காதே என்று அதட்டுகிறது. அடுத்தது அண்ணன் மகள் தப்புத் தப்பாக எண் சொல்லிச் சிரிக்கிறாள். அடுத்தது அந்த வண்டி இருமிப் பிடித்துக்கொள்ளும் சத்தம். அது என்னவென்று அவர்களுக்கு விளங்கவில்லை, நான் சொன்னேன். கடைசியில் மழைச் சத்தம் வந்தது. அதற்கு நடுவில், “என்னடா மூஞ்சி இது, கப்பல் கவுந்த மாதிரி? நிமிந்து நில்லு. நீ எப்ப வந்தாலும் இந்த ஜன்னல் தொறந்துதான் இருக்கும். நாளைக்கும் வா” என்று ஒரு பெண் குரல் திட்டியது.

“இது யாரு?” என்று தாயார் கேட்டார். “நான்தான்மா” என்றேன்.

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். அதன் பிறகு, “இன்னொரு தடவை போடுங்க” என்றார். போட்டார்கள். “நல்லா திட்டியிருக்கீங்க” என்று சொல்லி, என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தத் தாய் என்னை நாலு வார்த்தை கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வேறு ஏதேனும் சொல்ல விரும்புகிறேனா என்று குழு கேட்டது. ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு பணிமனையிலிருந்து ஒவ்வொருவராக, கூட வருகிறவர்கள் முன்னால் போகும்வரை காத்திருந்து, ஜன்னலில் குனிந்து, தன் போனையும் அணைக்காமல் வைக்க முடியுமா என்று கேட்கிறார்கள். அதில் மாமியார் என்று பெயர் வைத்துச் சிரித்தவர்களும் இருக்கிறார்கள். வெல்டர் இருக்கிறார். பெயர்களைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். உத்தரவு இல்லாமலே அவர்களுடைய போனை நான் அணைக்காமல் வைத்துக்கொண்டிருக்கிறேன். அது குற்றமானால் என் மீது எழுதிக்கொள்ளுங்கள். கீழ் வரிசை முழுவதும் இப்போது அவர்களுக்குத்தான். மதியம் திரைகள் வெளிச்சம் போடும்போது நான் எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்காருகிறேன்.

மேற்கண்ட அனைத்தையும் எழுத்தர் எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார். ஓர் இடத்தில் திருத்தம் சொன்னேன். கூட்டமாக இருந்த அன்று நான் ஸ்பானரிடம், “அப்புறமா வா” என்று சொன்னதாக எழுத்தர் எழுதியிருந்தார். என் மேல் உள்ள இரக்கத்தில் எழுதியிருப்பார், நல்ல பிள்ளை. நான் அப்படிச் சொல்லவில்லை. “போ” என்றுதான் சொன்னேன். அதை அடித்துவிட்டு, சொன்னதைச் சொன்னபடியே எழுதச் சொன்னேன். எழுதினார். திருத்திய இடத்தில் ஒரு கையெழுத்தும் இதன் கீழே ஒரு கையெழுத்தும் போட்டிருக்கிறேன். இவை யாவும் உண்மை.

(ஒப்பம்)
உள்வாயில் போன் கவுன்ட்டர் ஊழியர்

என் முன்னிலையில் படித்துக் காட்டப்பட்டு, சரியென ஒப்புக்கொள்ளப்பட்டது.
(ஒப்பம்)
விசாரணைக் குழு எழுத்தர்